நான் குறைத்தேன், யாரோ கூட்டினார்கள்

1

இந்தச் சம்பவத்தில் பாதியைக் காரைக்கால் கோவில்பத்தில் என் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் ஒரு கூட்டமே பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பிரான்சில் எங்கள் வீட்டில் கொள்ளை போய்விட்டது என்று ஒரு பேச்சு. போலீஸ் எங்கள் கதவை உடைத்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. இரண்டும் இல்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் ஆகப்போகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்காலில் பழைய ஆட்களிடம் ‘சொல்தா வீடு’ என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய், பிரெஞ்சில் ‘சொல்தா’. அவர் வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. மீசை சரியாக முளைக்காத வயதில் விமானம் ஏறினேன். ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் மனைவி சரோஜா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். பாரிஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் சொந்தமாக ஒரு மாடி வீடு. ஒரே மகன் கதிர். முப்பத்தாறு வயது. லியோன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, எமிலி என்று பிரெஞ்சு மனைவி. வேக ரயிலில் வந்தால் அதிக தூரம் இல்லை. ஆனால் வருவது குறைந்துபோய் வருஷக்கணக்காகிறது.

2

பிரான்சில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சமையலறைப் பக்கம் ஒரு பாய்லர் இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்புப் பட்டைகளுக்கு அனுப்பும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று பாய்லருக்கு உத்தரவு போடுவது நடைவழிச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட். எங்கள் வீட்டில் இருந்தது வீடு வாங்கும்போதே இருந்த பழையது. வட்டமாக, மஞ்சள் பூத்து, ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவதுபோலத் திருகுவது. நான் பத்தொன்பதில் வைப்பேன். சரோஜா போகிறபோக்கில் இருபத்திரண்டுக்குத் திருப்பிவிடுவாள். எங்கள் தாம்பத்தியச் சண்டைகளில் பாதி அந்தத் திருகில்தான் நடந்தது.

ஒருநாள் அவள் வைத்த சூடு அவளுக்கே தாங்கவில்லை. வருஷாந்தரப் பராமரிப்புக்கு வந்த பாய்லர்காரரிடம், தனக்கு வெக்கையாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சரோஜா பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னாள். இலக்கணப்படி அது சரிதான். ஆனால் கல்யாணமான பெண் அன்னிய ஆணிடம் சொல்லக்கூடாத அர்த்தம் அதற்கு உண்டு. அந்த மனிதர் காது வரை சிவந்துபோய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். முப்பது வருஷம் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறியும் அந்த மொழி இப்படித்தான் எங்களைக் கவிழ்க்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை கதிர் வந்தான். சொல்லாமல் வந்தான், தனியாக வந்தான். கையில் ஒரு சின்னப் பெட்டி.

“ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்ப்பா. நீங்க ரெண்டு மாசம் ஊருக்குப் போறீங்கல்ல, வீட்ட சும்மா சூடு பண்ணக் கூடாது. இத ஃபோன்லேயே குறைக்கலாம், கூட்டலாம்.”

“எமிலி வரலியாடா?” என்றாள் சரோஜா.

“வேல இருக்கு அவளுக்கு.”

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழையதைக் கழற்றி, இரண்டே இரண்டு ஒயரைப் புதியதில் பொருத்தினான். கறுப்புக் கண்ணாடி வட்டம். தொட்டால் எண் தெரியும். என் போனிலும் அவன் போனிலும் அதற்கான செயலியைப் போட்டான். யாராவது சுவரில் இருப்பதைத் தொட்டு மாற்றினால் ‘கையால் மாற்றப்பட்டது’ என்று போனில் வரும் என்று காட்டிக்கொடுத்தான். அதற்கு மேல் செய்ய வேலை இல்லை. ஆனாலும் அவன் கிளம்பவில்லை. வழக்கமாக மத்தியானச் சாப்பாடு முடிந்தால் ரயிலுக்கு நேரம் பார்ப்பவன், அன்று ராத்திரி தங்கினான். ஞாயிறும் தங்கினான். பாய்லர் முன்னால் போய் நின்றான். ஒவ்வொரு இரும்புப் பட்டையாகத் தொட்டுப் பார்த்தான். என்னிடம் ஏதோ கேட்க வந்து, “நல்லா சூடாவுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

பையன் பாசமாக இருக்கிறான் என்று நானும் சரோஜாவும் சந்தோஷப்பட்டோம்.

3

ஜனவரியில் ஊருக்கு வந்தோம். சரோஜாவின் தம்பி மணிவண்ணன் மகள் நந்தினிக்குக் கல்யாணம். மணி அரசு அலுவலகத்தில் வேலை. கோவில்பத்தில் வீடு. கிளம்பும்முன் வீட்டின் சூட்டைப் பன்னிரண்டுக்கு இறக்கிவிட்டு வந்தேன். ஒரேயடியாக அணைத்துவிட்டால் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும்.

வந்து மூன்று வாரம் அந்தச் செயலியை நான் திறக்கவே இல்லை. காலையில் மணியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து காரைக்கால்மேட்டுக்குப் போய் மீன் வாங்குவது, வந்து பேப்பர் படிப்பது, பத்திரிகை வைக்கப் போவது என்று நாள் போயிற்று. ஞாயிறு தோறும் கதிர் போன் பண்ணினான். வீடியோவைப் போடவில்லை. சிக்னல் சரியில்லை என்றான். “நல்லாருக்கீங்களா, வெயில் அடிக்குதா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனுடைய தமிழ் அவ்வளவு தூரம்தான் நடக்கும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பந்தல் வேலைக்கு வந்தவர்கள், செல்வியின் பிறந்த வீட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நிறையப் பேர். செல்வி, மணியின் மனைவி. குளிரைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பெருமையாக, “இங்கேருந்தே என் வீட்டுச் சூட்டைக் கூட்டுவேன், குறைப்பேன்” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்கத்தான்” என்றான் மணி.

“பாரு” என்று போனைத் திறந்தேன்.

இருபத்தொன்று என்று காட்டியது.

முதலில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பன்னிரண்டைத்தான் மாற்றிப் படிக்கிறேனோ என்றுகூட நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். வீடு, நடைவழி, இருபத்தொன்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: கையால் மாற்றப்பட்டது.

4

“மிஷின் கெட்டுப்போயிருக்கும்” என்றாள் சரோஜா.

நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். விரலால் இழுத்துப் பன்னிரண்டுக்கு இறக்கினேன். சரி என்று ஏற்றுக்கொண்டது. “பாத்தியா, சரியாயிடுச்சு” என்று போனைக் கீழே வைத்தேன். செல்வி காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்று. கையால் மாற்றப்பட்டது.



மறுபடி இறக்கினேன். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பன்னிரண்டு அப்படியே நின்றது. பிறகு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் அந்த எண் ஏறியது. பதிமூன்று, பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று. யாரோ அந்தக் கறுப்பு வட்டத்தில் விரலை வைத்துச் சுற்றுவது எனக்குத் தெரிந்தது.

“அய்யய்யோ” என்றாள் செல்வியின் அம்மா. “உள்ள ஆளு இருக்குது!”

நான் ஏழுக்கு இறக்கினேன். உள்ளே இருப்பவன் விறைக்கட்டும் என்று கோபம். இருபத்திரண்டுக்கு ஏற்றினான். நான் மறுபடி ஏழு. அவன் மறுபடி இருபத்திரண்டு. கடல் கடந்து, என் வீட்டு நடைவழியில் நிற்கும் ஒரு முகம் தெரியாத ஆளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் சட்டை நனைந்துவிட்டது.

கதிருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக வந்தது. வேலை நேரத்தில் அவன் எடுப்பதில்லைதான். “வீட்டில் யாரோ புகுந்துவிட்டார்கள், உடனே கூப்பிடு” என்று செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேரவே இல்லை.

எனக்கு வந்த பயத்தை ஊரில் இருப்பவர்கள் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. திருட்டு என்றால் போனது போகட்டும். ஆனால் அங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து உள்ளே குடியேறிக்கொள்பவர்கள் உண்டு. அங்கே உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் ஒருவர் புதுச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பினால், அவர் வீட்டுச் சாவி கதவில் நுழையவில்லை. உள்ளே வேறு குடும்பம், பூட்டை மாற்றியிருந்தார்கள். சொந்த வீட்டுக்காக அவர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார். எங்களுக்கும் அதுதான் நேர்ந்துவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

“போலீஸுக்குச் சொல்லுங்கத்தான். லேட் பண்ணாதீங்க” என்றான் மணி.

அங்கே அவசரத்துக்கு அழைக்கும் எண்ணை இங்கிருந்து அழைக்க முடியாது. பக்கத்து வீட்டு மதாம் ஃபெர்நாந்தாவைக் கூப்பிட்டேன். போர்ச்சுகல்காரி, அந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அங்கே காலை நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“முசியே, ஜன்னல் கதவெல்லாம் மூடியிருக்கு. ஆனா உங்க பாய்லர் குழாயிலேருந்து புகை வருது.”

அதைக் கேட்டதும் சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

5

மதாம் ஃபெர்நாந்தாதான் போலீஸை அழைத்தாள். ஆள் உள்ளே இருக்கிறான் என்றதால் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவள் தன் போனில் வீடியோ அழைப்பைப் போட்டு, எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்றாள். ஈரத் தெரு, எங்கள் வேலி, எங்கள் கதவு. இங்கே போனைச் சுற்றிக் கூடமே குனிந்து நின்றது. போலீஸ் அதிகாரி ஒருவர் போனை வாங்கி என்னிடம் பேசினார். இளம் வயது, மரியாதையான குரல்.

“வீட்டின் உரிமையாளர் நீங்களா?”

“ஆமாம்.”

“வேறு யாரிடமாவது சாவி இருக்கிறதா? குடும்பத்தில் யாராவது?”

“என் மகனிடம் இருக்கிறது. ஆனால் அவன் லியோனில் இருக்கிறான்.”

“அவர் வந்திருக்க வாய்ப்பு இருக்கிறதா?”

“இல்லை. என்னிடம் சொல்லாமல் வரமாட்டான்.”

“நிச்சயமாகத் தெரியுமா, முசியே?”

“நிச்சயமாக.”

அந்த வார்த்தையைத் தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன்.

போன் மதாம் கைக்குத் திரும்பியது. மூன்று பேர் கதவண்டை போனார்கள். தட்டினார்கள். “போலீஸ்! கதவைத் திற!” என்று கத்தினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள். கதவு திறந்தது. ஒரு ஆள், தாடியோடு, வெறுங்காலோடு. அவன் முகம் தெரிவதற்குள் இரண்டு பேர் அவனைத் திருப்பிச் சுவரோடு சுவராக அழுத்தினார்கள். கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார்கள்.

“நல்லா வேணும்” என்று என் பின்னால் யாரோ சொன்னார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவன் பிரெஞ்சில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். சத்தம் சரியாகக் கேட்கவில்லை. மதாம் தெருவைக் கடந்து கிட்டே போனாள். படம் குலுங்கி நின்றது. அவன் போட்டிருந்த ஸ்வெட்டர் பழுப்பு நிறம், முழங்கையில் ஒட்டுப் போட்டது. என்னுடையது. திருட்டுப் பயல் என் ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறான் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, சரோஜா எழுந்து போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“கதிரு” என்றாள். “என்னங்க, அது நம்ம கதிரு. கதிருங்க அது!”

6

எனக்குப் பிரெஞ்சு மறந்துபோயிற்று. நாற்பது வருஷம் பேசிய மொழியில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. “என் புள்ள! விடுங்க அவன! அவன் என் புள்ள!” என்று தமிழில் கத்தினேன். யாருக்கு என்ன புரியும்? அந்த இளம் அதிகாரி திரும்பிப் போனைப் பார்த்தார். சுவரில் கன்னம் அழுந்தியபடி கதிரும் பார்த்தான். என் குரலைக் கேட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மூச்சு வாங்கி, எப்படியோ பிரெஞ்சில் சொன்னேன். “அது என் மகன்.”

“உங்கள் மகன் லியோனில் இருப்பதாகச் சொன்னீர்கள்.”

“ஆமாம். இல்லை. எனக்குத் தெரியாது. அது அவன்தான்.”

அதிகாரி கதிரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு எங்கள் தபால் பெட்டியைப் பார்த்தார். “பெட்டியில் வைத்திலிங்கம் என்று இருக்கிறது. இவர் குடும்பப் பெயர் ராமலிங்கம்.”

இது நம் ஆட்கள் பல பேருக்கு உள்ள தலைவலி. நம் ஊரில் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கதிர் பிறந்தபோது என் காகிதங்களில் ராமலிங்கம் என்ற என் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. அதுவே அவனுக்கும் வந்தது. பின்னால் என் குடியுரிமைக் காகிதங்களைத் திருத்தியபோது என் அப்பா பெயரான வைத்திலிங்கத்தைக் குடும்பப் பெயராக்கினார்கள். மகனுடையதைத் திருத்துவதற்கு இன்னொரு அலுவலகம், இன்னொரு வழக்கறிஞர் என்றார்கள். என்ன அவசரம் என்று விட்டுவிட்டோம். இதையெல்லாம் கைகள் பின்னால் கட்டப்பட்ட மகனைப் பார்த்துக்கொண்டே ஒரு போலீஸ்காரருக்கு எப்படி விளக்குவது?

சட்டென்று ஒன்று தோன்றியது. “ஹாலில் அவனுடைய கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள். அதில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.”

அவர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“அப்படி எந்தப் படமும் இல்லை, முசியே. ஆணி மட்டும்தான் இருக்கிறது.”

சரோஜா என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. அப்போதுதான் கதிர் வாயைத் திறந்தான். தமிழில், எங்களைப் பார்க்காமல்.

“படம் அலமாரில இருக்குப்பா. நான்தான் எடுத்து வெச்சேன். பாக்க முடியல.”

அதை நான் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன். சொல்லும்போதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. போலீஸ்காரர்கள் படத்தை எடுத்து வந்து, படத்தில் இருந்த மாப்பிள்ளையையும் தாடிக்காரனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். விலங்கைக் கழற்றினார்கள். “மன்னிக்கவும்” என்று அதிகாரி கதிரிடம் சொன்னார். மதாம் ஃபெர்நாந்தா படத்தில் தெரியவில்லை, அவள் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

இங்கே ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். செல்வி தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பந்தல்காரர்கள் திரும்பவும் மூங்கிலில் ஏறினார்கள். மணி மட்டும் எங்களோடு உட்கார்ந்திருந்தான்.

7

சற்று நேரம் கழித்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அவனே கூப்பிட்டான். சரோஜாதான் எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“சாப்பிட்டியா?” என்றாள்.

“இல்லம்மா.”

“எத்தன நாளா அங்க இருக்க?”

“நீங்க போயி பத்து நாள்ல வந்தேன்.”

“போன ஞாயித்துக்கெழம பேசுனியே, அது எங்கேருந்து?”

“நம்ம அடுப்படிலேருந்துதான்மா.”

சரோஜா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அவன் எங்களிடம் வெயில் அடிக்கிறதா என்று கேட்டிருக்கிறான்.

மீதியை அவன் பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் என்னிடம் சொன்னான். எமிலியும் அவனும் கோடையிலேயே பிரிந்துவிட்டார்கள். வீடு அவள் பெயரில் இருந்தது. நண்பர்கள் வீட்டு சோஃபாக்களில் மாறி மாறிப் படுத்திருக்கிறான். காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாமல் ஆகி, வேலையும் போயிற்று. நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வெளிச்சம் தெரியக்கூடாது என்று ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறான். போன் வந்தாலே பயமாக இருந்ததால், எங்களிடம் பேசும் ஞாயிற்றுக்கிழமை தவிர அணைத்தே போட்டிருக்கிறான்.

“அப்ப, அந்த மிஷின மாட்ட வந்தப்பவே...” என்றேன்.

“அப்பவே பிரிஞ்சாச்சுப்பா. சொல்லலாம்னுதான் வந்தேன். சும்மா வந்தா ஏன் வந்தன்னு கேப்பீங்கல்ல. அதான் அத வாங்கிட்டு வந்தேன்.”

“ரெண்டு நாள் இருந்தியேடா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“எனக்கு வெட்கம் இருந்துச்சுப்பா” என்றான். ‘வெட்கமாக’ என்று சொல்லத் தெரியாது அவனுக்கு.

பிறகு அவனே கேட்டான். “இன்னைக்குச் சூட்டக் குறைச்சது நீங்களா?”

“ஆமாம்.”

“நீங்க அத அங்கேருந்து தொறந்து பாப்பீங்கன்னு தோணல. மிஷின் தானா குறைக்குதுன்னு நெனச்சேன். ஏழு வந்ததும் உங்க ஸ்வெட்டர எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

மத்தியானம் நான் அந்த எண்ணை இறக்கியபோது எனக்குள் இருந்த ஆத்திரத்தை நினைத்தேன். விறைக்கட்டும் என்று நினைத்துத்தான் இழுத்தேன்.

“இப்பக் கூட்டவாடா?” என்றேன்.

“வேணாம், நானே கூட்டிக்கறேன். அப்பா, இனிமே அதப் பாக்காதீங்க. நான் இருக்கனா, எந்திரிச்சனான்னு எல்லாம் அதுல தெரிஞ்சுடும். பாக்காதீங்க.”

சரி என்றேன்.

8

அவனை ஊருக்கு வரச்சொன்னாள் சரோஜா. அதற்கு விசா வேண்டும். அவனுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுக்கவில்லை. அட்டைக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் இந்தப் பெயர்ச் சிக்கல் வந்து நிற்கும். தன் அம்மா பிறந்த ஊருக்கு வர அவன் அன்னியனாக வரிசையில் நிற்க வேண்டும். கல்யாணத்துக்குள் நடக்காது. கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்புவது என்று டிக்கெட்டை மாற்றினோம்.

இடையில் இருந்த அந்த ஒரு வாரம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. சரோஜா வேலைக்கு நடுவே என்னிடம் வருவாள்.

“சூடு இருக்குதான்னு மட்டும் பாருங்களேன்.”

“பாக்காதன்னு சொல்லியிருக்கான்.”

“அவனுக்கு எங்க தெரியப்போவுது? இருக்கானான்னு மட்டும் பாத்துடுங்க.”

அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான். வேலை போய், மனைவி போய், போலீஸ் கையில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவன், மூடிய வீட்டில் தனியாக இருக்கிறான். இரண்டு முறை செயலி மேல் விரலைக் கொண்டுபோனேன். அழுத்தவில்லை. அதற்குப் பதில் தினம் சாயங்காலம் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். சில நாள் எடுத்தான். இரண்டு நாள் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தேன். மதாம் ஃபெர்நாந்தாவிடம் கேட்கலாம் என்று மணி சொன்னான். திரும்பவும் கதிர் இருக்கும் வாசலுக்கு ஆள் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. கூடத்தில் அன்று இருந்தவர்களும் வந்திருந்தார்கள். அவர்களிடமிருந்து கேள்விப்பட்டவர்களும் வந்திருந்தார்கள். எங்களைப் பார்க்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

9

பாரிஸில் இறங்கி, டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம். என்னிடம் சாவி இருந்தது. ஆனால் அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே சத்தம் இல்லை. சரோஜா என் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அழுத்தினேன். போலீஸ் இதே கதவைத் தட்டியபோது உள்ளே நின்றவன் எவ்வளவு பயந்திருப்பான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கதவு திறந்தது. தாடியை எடுத்திருந்தான். இளைத்திருந்தான். வீட்டுச் சூடு எங்கள் முகத்தில் பட்டது. சரோஜா பெட்டியைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் அவன் கன்னத்தை, சுவரில் அழுந்திய அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

அடுப்படியில் உட்கார்ந்தோம். அவன் சோறு வடித்து வைத்திருந்தான், குழைந்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சரோஜா வறுத்தாள். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும் என்று விமானத்தில் முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்ததும் அவன் தட்டில் சோற்றைப் போட்டேன். அவன்தான் ஆரம்பித்தான்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

“நல்லா நடந்துச்சு. நந்தினி உன்னக் கேட்டா.”

“மத்தவங்க?” என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். “நான் ஏன் வரலன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“எல்லாரும் ஃபோன்ல பாத்தாங்கல்ல. அப்புறமும் கேட்டாங்களா?”

“பாக்காதவங்களும் இருந்தாங்கடா. பாத்தவங்களும் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

நான் சரோஜாவைப் பார்த்தேன். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் அவள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவளும் அவள்தான். நான் அந்த நேரம் தலையைக் குனிந்துகொண்டு சந்தனக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எம்புள்ள எங்க வீட்டுல இருக்கான்னு சொன்னேன்” என்றாள். “வேற என்ன சொல்றது?”

கதிர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். முப்பத்தாறு வயது ஆள், வாய்விட்டு, தோள் குலுங்க அழுதான். சின்ன வயதில்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து அவன் பக்கத்து நாற்காலிக்குப் போனேன். எச்சில் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் அவன் எழுந்து போய் மூடியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.